ரிஃபாம்பிசினும் கல்லீரல் நொதிகளும்: மருந்து இடைவினையின் கால ஒழுங்கு

ஆய்வுச் சுருக்கம்

காசநோய்ச் சிகிச்சையின் முதன்மை மருந்தான ரிஃபாம்பிசின், கல்லீரலில் பிற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் உற்பத்தியைப் பெருக்குகிறது. இதனால் நோயாளி உட்கொள்ளும் வேறு பல மருந்துகள் குருதியில் குறைந்து பயனற்றுப் போகின்றன. இவ்விடைவினை மெல்லத் தொடங்குவதும் மெல்லவே விலகுவதும் அதன் தனித்தன்மை. நொதித் தடுப்பு, நொதித் தூண்டல் ஆகிய இரண்டின் செயல்முறை வேறுபாட்டை விளக்கி, சிகிச்சை முடிவில் தோன்றும் இடர் போதிய கவனம் பெறவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கல்லீரல் நொதிகள், சைட்டோகுரோம் பி450, ரிஃபாம்பிசின், நொதித் தூண்டல், நொதித் தடுப்பு, ஐசோனியசிட், வார்ஃபரின், காசநோய்.

முன்னுரை

மருந்துகளுக்கு வசப்படும் காசநோய்க்கு இந்தியாவில் இன்று வழங்கப்படும் சிகிச்சை ஆறு மாத காலம் நீடிப்பது. முதல் இரண்டு மாதங்கள் ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால் என்னும் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதங்கள் பைராசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும் நாள்தோறும் தரப்படுகின்றன. இச்சிகிச்சை பெறுவோரில் பலர் வேறு நோய்களுக்கும் மருந்து உட்கொள்பவர்கள். நீரிழிவு, உயர் குருதியழுத்தம், வலிப்பு, எச்.ஐ.வி. தொற்று, இதய வால்வு நோய் ஆகியவற்றுள் ஒன்றோ இரண்டோ காசநோயுடன் சேர்ந்திருப்பது அரிதன்று.

அத்தகைய நோயாளியின் உடலில் ரிஃபாம்பிசின் இரு வேலைகளைச் செய்கிறது. நுண்ணுயிரியிடம் அது ஆர்.என்.ஏ. உருவாக்கத்தைத் தடுத்து அதனைக் கொல்கிறது. மனிதக் கல்லீரலிடமோ அது நேர்மாறாக நடந்துகொள்கிறது. அங்கே சில மரபணுக்களை முடுக்கி, மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை மிகுதியாக உருவாக்கச் செய்கிறது. இரண்டாவது வேலை நோயாளிக்கும் தெரிவதில்லை. வழக்கமான ஆய்வகச் சோதனைகளுக்கும் தென்படுவதில்லை.

இங்கு ஒரு சொற்குழப்பத்தை முதலிலேயே நீக்கிவிடுதல் நன்று. ஆய்வக அறிக்கையில் ‘லிவர் என்சைம்’ கூடியிருக்கிறது என்று மருத்துவர் கூறும்போது அவர் குறிப்பது ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. முதலிய நொதிகளை. கல்லீரல் உயிரணுக்கள் சிதையும்போது அவை குருதியில் கசிகின்றன. ஆகவே அவை சேதத்தின் அடையாளங்கள். காசநோய் மருந்துகளால் அத்தகைய சேதமும் நேர்வதுண்டு. ஆனால் இக்கட்டுரை பேசும் நொதிகள் வேறு. அவை கல்லீரல் உயிரணுக்களுக்குள்ளேயே தங்கி மருந்துகளை மாற்றியமைப்பவை. அவை பெருகுவது நோயன்று. முற்றிலும் நலமான கல்லீரலே இவ்விடைவினையை நன்றாக நிகழ்த்தும். (தமிழகத்தில் நொதி என்றும் இலங்கையில் நொதியம் என்றும் வழங்கும் இரண்டும் ஒன்றே.)

கல்லீரல் மருந்தை மாற்றும் முறை

வாய்வழி உட்கொள்ளப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை கொழுப்பில் கரையும் இயல்பு உடையவை. அவ்வியல்பு இருந்தால்தான் அவை குடற்சுவரைக் கடந்து குருதியை அடைய முடியும். ஆனால் அதே இயல்பு அவற்றைச் சிறுநீர் வழியே வெளியேறவிடாமல் தடுக்கிறது. சிறுநீரகம் வடிகட்டினாலும் அவை மீண்டும் உறிஞ்சப்பட்டுவிடும். கொழுப்பில் கரைவதை நீரில் கரைவதாக மாற்றும் பொறுப்பு கல்லீரலுடையது. பிரித்தானிய உயிர்வேதியியலாளர் ஆர்.டி. வில்லியம்சு இம்மாற்றத்தை இரு கட்டங்களாக வகுத்தார். முதற்கட்டத்தில் மருந்து மூலக்கூற்றில் ஆக்சிசன் முதலியவை சேர்க்கப்பட்டு ஒரு பிடிமானம் ஏற்படுத்தப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில் அப்பிடிமானத்தில் குளூக்குரோனிக் அமிலம், சல்பேட்டு, அசிட்டைல் தொகுதி போன்றவை இணைக்கப்படுகின்றன. எல்லா மருந்துகளும் இவ்வரிசையில் செல்வதில்லை. சில முதற்கட்டத்துடன் நின்றுவிடும். சில நேரே இரண்டாம் கட்டத்தை அடையும்.

முதற்கட்டத்தின் பெரும்பகுதியை நிகழ்த்துபவை சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிக் குடும்பத்தினவை. இரும்பைக் கொண்ட இந்நொதி கார்பன் மோனாக்சைடுடன் சேரும்போது 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை உறிஞ்சுகிறது. 1958இல் கவனிக்கப்பட்ட இந்நிறமிக்கு, 1960களின் தொடக்கத்தில் சப்பானிய அறிவியலாளர்களான ஓமுராவும் சாத்தோவும் பி450 எனப் பெயரிட்டனர். தற்காலிகமாக வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. மனித மரபுத்தொகுதியில் இக்குடும்பத்தைச் சேர்ந்த 57 மரபணுக்கள் உள்ளன. எனினும் மருந்துச் சிதைவில் பெரும்பங்கு வகிப்பவை ஒரு சிலவே. அவற்றுள் முதலிடம் சிஒய்பி 3ஏ4 என்பதற்கு. கல்லீரலில் மட்டுமன்றிக் குடற்சுவரிலும் இருப்பதால், பல மருந்துகள் குருதியோட்டத்தை அடையுமுன்பே இந்நொதி அவற்றில் ஒரு பகுதியைச் சிதைத்துவிடுகிறது. 2சி9, 2சி19, 2டி6, 1ஏ2 ஆகியவை அடுத்து வருபவை.

ஒரே நொதியைப் பல மருந்துகள் சார்ந்திருப்பதே இடைவினைக்கு அடிப்படை. நொதி குறைந்தால் அதனைச் சார்ந்த மருந்து குருதியில் தேங்கும். நொதி மிகுந்தால் அம்மருந்து விரைந்து நீங்கும். இவ்விரு போக்குகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடி எதிருரு போலத் தோன்றினும், அவை நிகழும் கால அளவில் பெரிதும் வேறுபடுகின்றன.

தடுப்பு: விரைந்து நிகழ்வது

நொதியின் செயலிடத்தை ஒரு மருந்து அடைத்துக்கொள்ளும்போது மற்றொரு மருந்துக்கு அங்கே இடமில்லாமற் போகிறது. தடுக்கும் மருந்து போதிய செறிவை அடைந்தவுடன், அதாவது சில மணி நேரத்திலோ ஓரிரு நாள்களிலோ, விளைவு தோன்றிவிடும். ஒவ்வாமைக்குத் தரப்பட்ட டெர்ஃபெனாடின் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. சிஒய்பி 3ஏ4 அதனை உடனுக்குடன் ஃபெக்சோஃபெனாடினாக மாற்றிவிடுவதால், இயல்பான நிலையில் மூல மருந்து குருதியில் ஏறத்தாழ இல்லாமலே இருக்கும். டெர்ஃபெனாடின் உட்கொண்டிருந்த பெண்ணொருவர் பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோலையும் சேர்த்து உட்கொள்ள, அவருடைய இதயத்துடிப்பு ஆபத்தான முறையில் ஒழுங்கு பிறழ்ந்தது. 1990இல் பதிவான அந்நோய்க்குறிப்பே மருந்துக் கண்காணிப்பு அமைப்புகளை விழிக்கச் செய்தது எனலாம். 1990களின் இறுதியில் அம்மருந்து அமெரிக்காவில் விலக்கப்பட்டது. அதன் சிதைவுப்பொருளான ஃபெக்சோஃபெனாடினே இன்று மருந்தாக விற்கப்படுகிறது.

உணவும் தடுப்பாகலாம். கிரேப்ஃபுரூட் எனப்படும் பழத்தின் சாறு குடற்சுவரிலுள்ள 3ஏ4 நொதியை மீளாதவாறு செயலிழக்கச் செய்கிறது. மது பற்றிய ஓர் ஆய்வில், அதன் சுவையை மறைப்பதற்காகச் சாற்றைக் கலந்தபோது கனடா நாட்டு ஆய்வாளர்கள் இதனைத் தற்செயலாகக் கண்டறிந்தனர். அப்பழத்தின் நெருங்கிய உறவான பம்பளிமாசிலும் இதே வகைப் பொருள்கள் உள்ளன.

தூண்டல்: மெல்ல நிகழ்வது

ரிஃபாம்பிசினின் கதை 1957இல் பிரான்சின் தென்கடற்கரைப் பகுதியில் எடுக்கப்பட்ட மண்மாதிரியிலிருந்து தொடங்குகிறது. இத்தாலியின் மிலான் நகரிலிருந்த லெப்பெத்தித் நிறுவன ஆய்வகத்தில் அம்மண்ணிலிருந்த நுண்ணுயிரி ரிஃபாமைசின் என்னும் பொருளைத் தந்தது. அதனை வாய்வழி உட்கொள்ளத்தக்கதாக மாற்றியமைத்த வடிவமே ரிஃபாம்பிசின். காசநோய்ச் சிகிச்சைக் காலத்தை ஒன்றரை ஆண்டிலிருந்து ஆறு மாதமாகச் சுருக்கியதில் இம்மருந்தின் பங்கு பெரிது. ஆகவே இடைவினைகளுக்கு அஞ்சி இதனைக் கைவிடுவது பெரும்பாலும் சரியான தீர்வாகாது. மாற்ற வேண்டியது மற்ற மருந்தின் அளவையோ மருந்தையோதான்.

ரிஃபாம்பிசின் கல்லீரல் உயிரணுவுக்குள் நுழைந்து பி.எக்சு.ஆர். என்னும் ஏற்பிப் புரதத்துடன் இணைகிறது. 1998இல் கண்டறியப்பட்ட இப்புரதம் உடலுக்கு அயலான வேதிப்பொருள்களை உணர்வதற்கென்றே அமைந்தது போன்றது. இணைந்த புரதம் டி.என்.ஏ.வில் உரிய இடங்களில் அமர்ந்து, 3ஏ4, 2சி9, 2சி19 முதலிய நொதிகளின் மரபணுக்களையும், இரண்டாம் கட்ட நொதிகள் சிலவற்றின் மரபணுக்களையும், மருந்தை உயிரணுவிலிருந்து வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரதத்தின் மரபணுவையும் முடுக்குகிறது. செய்தி ஆர்.என்.ஏ. உருவாகி, அதிலிருந்து நொதிப்புரதம் தொகுக்கப்பட்டு, அது படிப்படியாகச் சேர வேண்டும். இதற்குக் காலம் தேவை. தூண்டல் முழு அளவை எட்ட ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகிறது. ரிஃபாம்பிசின் தன்னையும் விட்டுவைப்பதில்லை. முதல் இரு வாரங்களில் அதன் சொந்த அரைவாழ்வுக் காலமும் குறைந்துபோகிறது.

மருந்தை நிறுத்தும்போதும் இதே நிதானம்தான். ரிஃபாம்பிசின் ஓரிரு நாள்களில் உடலைவிட்டு நீங்கிவிடும். ஆனால் அது உருவாக்கிச் சென்ற நொதிகள் உடனே மறைவதில்லை. புதிய உற்பத்தி பழைய அளவுக்குத் திரும்பி, ஏற்கெனவே உள்ள கூடுதல் நொதிகள் இயல்பாகச் சிதைந்தொழிய ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வேண்டும்.

பாதிப்புறும் மருந்துகள்

தூண்டலின் வலிமையைக் காட்ட மிடசோலம் என்னும் உறக்க மருந்து ஆய்வுகளில் அளவுகோலாகப் பயன்படுகிறது. அது ஏறத்தாழ முழுவதும் 3ஏ4 நொதியால் சிதைவது. 1996இல் பின்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, ரிஃபாம்பிசின் உட்கொண்ட ஆர்வலர்களிடம் வாய்வழி மிடசோலத்தின் குருதி அளவு 96 விழுக்காடு குறைந்தது. அதாவது மாத்திரையை விழுங்கியும் விழுங்காததற்கு ஒப்பான நிலை.

மருத்துவ உலகம் இவ்வுண்மையை முதலில் உணர்ந்தது ஆய்வகத்தில் அன்று. பெண்களின் அனுபவத்தின் வழியாக. 1971இல் ஜெர்மனியிலிருந்து வந்த அறிக்கை, கருத்தடை மாத்திரையுடன் ரிஃபாம்பிசினும் உட்கொண்ட பெண்களிடம் இடைக்காலக் குருதிப்போக்கு மிகுந்திருந்ததைச் சுட்டியது. தொடர்ந்து எதிர்பாராக் கருத்தரிப்புகளும் பதிவாயின. மாத்திரையிலுள்ள எத்தினைல் எஸ்ட்ராடியோல் 3ஏ4 நொதியால் விரைந்து சிதைவதே காரணம். காசநோய்ச் சிகிச்சையின்போது மட்டுமன்றி, ரிஃபாம்பிசினை நிறுத்திய பின்னரும் நான்கு வாரங்கள் வேறு கருத்தடை முறையைக் கையாள வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் கூறுவது, தூண்டலின் வால் நீளமானது என்பதை ஏற்றுக்கொண்டதன் விளைவு.

நீரிழிவு மருந்துகளில் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா வகையினவற்றின் ஆற்றல் குறைகிறது. மெட்ஃபார்மின் கல்லீரலில் சிதையாமல் சிறுநீரகம் வழியே வெளியேறுவது. இன்சுலினுக்கும் இந்நொதிகளோடு தொடர்பில்லை. காசநோய் வந்த நீரிழிவு நோயாளிக்கு இவ்விரண்டும் விரும்பப்படுவதற்கு இது ஒரு காரணம். பிரெட்னிசோலோன் உட்கொள்வோருக்கு அதன் அளவை உயர்த்த வேண்டியிருக்கும். உறுப்பு மாற்றம் பெற்றோரின் சைக்ளோசுபோரின், டாக்ரோலிமசு ஆகியவற்றின் அளவு சரிந்தால் மாற்றப்பட்ட உறுப்பையே உடல் நிராகரித்துவிடக்கூடும். எச்.ஐ.வி. சிகிச்சையில் நாளொன்றுக்கு ஒரு முறை 50 மி.கி. தரப்படும் டோலூட்டெகிராவிரை, ரிஃபாம்பிசினுடன் சேரும்போது இரு முறை தர வேண்டியிருக்கிறது. புரோட்டியேசு தடுப்பிகளையோ அவ்வாறு ஈடுசெய்ய இயலாது. ரிஃபாம்பிசினுக்கு மாற்றாகத் தூண்டல் குறைந்த ரிஃபாபூட்டின் தேவைப்படுகிறது.

உணவுப் பொருளொன்றையும் இங்குக் குறிப்பிடலாம். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், 3ஏ4 நொதியையும் பி-கிளைக்கோபுரதத்தையும் ஓரளவு தடுப்பது. ரிஃபாம்பிசினின் அளவைக் குறைத்து அதனுடன் பைப்பரினைச் சேர்த்த கூட்டு மருந்தொன்று இந்தியாவில் உருவாக்கப்பட்டதும் இவ்வடிப்படையில்தான். சித்த மருத்துவத்தின் திரிகடுகத்தில் சுக்குடன் மிளகும் திப்பிலியும் இடம்பெறுவதை இதனுடன் இணைத்துப் பார்க்கும் ஆர்வம் இயல்பானதே. ஆயினும் தனித்தெடுத்த வேதிப்பொருளின் விளைவைக் கொண்டு, குழம்பில் சேரும் மிளகின் விளைவைக் கணக்கிட இயலாது.

ஐசோனியசிட்: எதிர்த்திசையில் இழுக்கும் துணை

ரிஃபாம்பிசினுடன் எப்போதும் சேர்த்துத் தரப்படும் ஐசோனியசிட், பி450 நொதிகள் சிலவற்றைத் தடுப்பது. ஒரே மாத்திரைக்குள் தூண்டியும் தடுப்பியும் உடனிருக்கின்றன.

ஐசோனியசிட்டைச் சிதைப்பது பி450 குடும்பமன்று. அசிட்டைல் தொகுதியைச் சேர்க்கும் நாட்2 என்னும் இரண்டாம் கட்ட நொதி. இந்நொதி சிலரிடம் விரைந்தும் சிலரிடம் மெதுவாகவும் செயற்படுவது பரம்பரை இயல்பு. தென்னிந்தியரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மெதுவாகச் சிதைப்போர். இவ்வேறுபாடு சிகிச்சையில் என்ன செய்யும் என்பதைத் தெளிவாக்கியதில் சென்னைக்குப் பங்குண்டு. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நோயாளியை வீட்டிலேயே வைத்துச் சிகிச்சையளிப்பது மருத்துவமனைச் சிகிச்சைக்குக் குறைந்ததன்று என நிறுவியதற்காகப் பரவலாக அறியப்பட்டது. அதே மையம் 1970இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஐசோனியசிட்டை வாரம் ஒரு முறை மட்டும் தந்தபோது, விரைவாகச் சிதைப்போரிடம் பலன் குறைந்திருந்தது தெரியவந்தது. ஒரே மாத்திரை, ஒரே அளவு; ஆனால் கல்லீரல் வேறு.

வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயினை உட்கொள்பவரிடம் இவ்விரு விசைகளும் மோதுகின்றன. ஐசோனியசிட் மட்டும் தரப்பட்ட காலத்தில், மெதுவாகச் சிதைப்போரிடம் ஃபெனிட்டாயின் தேங்கி, கண்கள் துடிப்பது, நடை தள்ளாடுவது, மயக்கநிலை போன்ற நச்சு விளைவுகள் காணப்பட்டன. ரிஃபாம்பிசினும் சேர்ந்தபோது பெரும்பாலும் தூண்டலே மேலோங்கி ஃபெனிட்டாயின் குறைகிறது. ஆனால் இரண்டும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. தடுப்பு முதல் நாள்களிலேயே வந்துவிடும். தூண்டல் இரண்டாம் வாரத்தில்தான் நிறைவுறும். எனவே முதலில் சற்று உயர்ந்து பின்னர் சரியும் போக்கையும், சிகிச்சை முடிந்தபின் தடுப்பு முதலில் விலகித் தூண்டல் பின்தங்கி விலகுவதையும் மருத்துவர் எதிர்பார்க்க வேண்டும். ஒரே ஒரு நாளில் எடுத்த குருதி அளவு இப்போக்கைக் காட்டாது.

வார்ஃபரின்: இரு முனைகளிலும் இடர்

கால ஒழுங்கின் முழுப் பொருளும் விளங்குவது வார்ஃபரினில்தான். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர் குருதி உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் இதனை உட்கொள்கிறார். முடக்குக் காய்ச்சலால் வால்வு பழுதுபட்டு இளவயதிலேயே அறுவைச் சிகிச்சை பெற்றோர் இந்தியாவில் பலர். வார்ஃபரினின் இரு வடிவங்களில் ஆற்றல் மிகுந்தது 2சி9 நொதியால் சிதைகிறது. அளவு குறைந்தால் வால்வில் குருதிக்கட்டி உருவாகிப் பக்கவாதம் நேரலாம். மிகுந்தால் மூளையிலோ குடலிலோ குருதி கசியலாம். இவ்விரண்டிற்கும் நடுவேயுள்ள குறுகிய பாதையை ஐ.என்.ஆர். என்னும் அளவீட்டால் காக்கின்றனர். வால்வின் வகையையும் இடத்தையும் பொறுத்து அது 2 முதல் 3.5 வரை இருத்தல் வேண்டும்.

விளக்கத்திற்காக, நாளொன்றுக்கு 5 மி.கி. வார்ஃபரினில் ஐ.என்.ஆர். 2.8 என நிலைத்திருக்கும் ஒருவரைக் கருதலாம். அவருக்குக் காசநோய்ச் சிகிச்சை தொடங்குகிறது. முதல் வாரம் பெரிய மாற்றம் தெரியாது. அந்த ஒரு வாரத்தில் எடுக்கும் பரிசோதனை நிறைவளிப்பதாக இருப்பதாலேயே அடுத்ததைத் தள்ளிப்போடும் வாய்ப்பும் உண்டு. இரண்டாம், மூன்றாம் வாரங்களில் ஐ.என்.ஆர். 1.5க்கும் கீழே சரிகிறது. அளவு படிப்படியாக உயர்த்தப்படுகிறது. ரிஃபாம்பிசினுடன் வார்ஃபரின் தேவை இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை உயர்வது மருத்துவ இலக்கியத்தில் பலமுறை பதிவானது. அவருடைய அளவு 15 மி.கி. ஆகிறது, ஐ.என்.ஆர். மீண்டும் 2.8. ஐந்து மாதங்கள் இவ்வாறே கழிகின்றன. அக்காலத்தில் 15 மி.கி. என்பதே நோயாளிக்கும் மருந்தாளுநருக்கும் அவருடைய வழக்கமான அளவாகிவிடுகிறது.

ஆறாம் மாத முடிவில் ரிஃபாம்பிசின் நிற்கிறது. அது மகிழ்ச்சிக்குரிய நாள். சளிச் சோதனையில் கிருமி இல்லை, எடை கூடியிருக்கிறது. நொதிகள் நாளுக்கு நாள் குறைய, மூன்று மடங்கு வார்ஃபரின் மட்டும் தொடர்கிறது. இரண்டு, மூன்று வாரங்களில் ஐ.என்.ஆர். 6, 8 என்று ஏறலாம். பல் துலக்கும்போது குருதி வருவதும் கருமலம் போவதும் முன்னறிகுறிகள். மூளைக் குருதிக்கசிவுக்கு முன்னறிகுறி இல்லாமலும் போகலாம். மருந்தொன்றைச் சேர்க்கும்போது இடைவினையைத் தேடும் பழக்கம் மருத்துவரிடம் வளர்ந்திருக்கிறது. மருந்தொன்றை நிறுத்தும்போது தேடும் பழக்கம் அந்த அளவுக்கு இல்லை. மின்வழி மருந்துச்சீட்டு எச்சரிக்கைகளும் புதிதாக எழுதப்படும் மருந்தை நோக்கியே பெரும்பாலும் ஒலிப்பவை.

வார்ஃபரினுக்கு மாற்றாக அண்மைக்காலத்தில் பரவியுள்ள ரிவரோக்சபான், அபிக்சபான் முதலியவை இச்சிக்கலைத் தீர்த்துவிடவில்லை. ரிஃபாம்பிசினால் அவற்றின் குருதி அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது; ஐ.என்.ஆர். போன்ற எளிய அளவீடு அவற்றுக்கு இல்லை. செயற்கை உலோக வால்வு உடையோருக்கு அவை ஏற்றவையும் அல்ல. இவ்வகையில் வார்ஃபரினே கண்காணிக்கத்தக்க மருந்தாக எஞ்சுகிறது.

நடைமுறையில் இன்னொரு தடை உண்டு. காசநோய் மருந்து ஆரம்பச் சுகாதார நிலையத்திலிருந்து வருகிறது; வார்ஃபரின் நகரத்து மருத்துவமனையின் இதயநோய்ப் பிரிவிலிருந்து வருகிறது. குறிப்பேடுகள் இரண்டு. சிகிச்சை முடியும் தேதி ஒரு குறிப்பேட்டில் இருக்கிறது. அத்தேதி தேவைப்படுவது மற்றொன்றில். காசநோய்ச் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே அது முடியவிருக்கும் நாளும் ஏறத்தாழத் தெரிந்துவிடுகிறது என்பது இவ்விடைவினையின் அரிய வசதி. அத்தேதியை ஐ.என்.ஆர். குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அன்றே எழுதிவைக்கலாம். காசநோய்க்கு முந்தைய வார்ஃபரின் அளவையும் அதனருகில் குறித்துவைத்தால், பின்னர் எங்குத் திரும்ப வேண்டும் என்பதும் தெரியும். ரிஃபாம்பிசின் நின்ற முதல் வாரத்திலிருந்து ஐ.என்.ஆர். வாரம் ஒரு முறையேனும் பார்க்கப்பட்டு, அளவு படிப்படியாக இறக்கப்பட வேண்டும். மருந்து நின்ற அன்றே பழைய அளவுக்குத் திரும்புவதும் தவறு. நொதிகள் அன்றும் மிகுதியாகவே இருப்பதால் வால்வு காப்பின்றி நிற்கும். பழைய அளவில் ஐ.என்.ஆர். நிலைபெற நான்கு, ஐந்து வாரங்கள் ஆகலாம். அதுவரை அந்நோயாளியின் காசநோய்க் குறிப்பேடு மூடப்பட்டிருந்தாலும் ரிஃபாம்பிசின் சிகிச்சை அவருடைய கல்லீரலில் முடிந்திருப்பதில்லை.